வளைவில் வால் நழுவினால் பின் சஸ்பென்ஷனில் எதைத் தொடுவது?

கேள்வி சுருக்கமாக இது. சென்னையைச் சேர்ந்த ஒரு சிறிய குழு, பின்னால் இன்ஜின் வைத்த ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓட்டுகிறது. வளைவை முடித்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கார் வால் அடிக்கிறது என்று ஓட்டுநர் சொன்னதால், பின் ஆன்டி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதை எதிர்க்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி; அதன் கையில் இணைப்பை மாட்டும் துளையை மாற்றி விறைப்பைக் கூட்டலாம், குறைக்கலாம்) இரண்டு துளை மென்மையாக்கியிருக்கிறார்கள். முதல் சில சுற்றுகளில் குணமானதுபோலத் தெரிந்திருக்கிறது. பிறகு வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் திரும்ப மறுத்திருக்கிறது. சுற்று நேரம் கூடியிருக்கிறது. வெளியேறும்போது வால் அடிப்பதும் திரும்ப வந்துவிட்டது. இனிப் பின் சஸ்பென்ஷனில் எதை மாற்றுவது என்று கேட்கிறார்கள்.

முதலில் பாரைப் பழைய துளைக்கே கொண்டுபோய்விடுங்கள். நீங்கள் செய்த மாற்றம் முட்டாள்தனமானது அல்ல. பாடநூலில் உள்ள மாற்றம்தான். ஆனால் உங்கள் கார் வால் அடிப்பதற்குக் காரணம் பின்பக்கத்தில் இருக்கிறதா, முன்பக்கத்தில் இருக்கிறதா என்பதை நீங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கண்டுபிடிப்பதற்கு, பின் சஸ்பென்ஷனில் உள்ள ஒவ்வொரு சரிசெய்தலும் வளைவின் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை டயரின் ஒரு குணம். டயரின் மேல் எடை கூடினால் அதன் பக்கவாட்டுப் பிடிப்பும் கூடும், ஆனால் எடை கூடிய அதே அளவுக்குக் கூடாது. இதை எண்களில் பார்த்தால் விளங்கும். உங்கள் கார் ஓட்டுநருடன் 600 கிலோ, அதில் 60 சதவீதம் பின்னால், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.2 ஜி பக்கவாட்டு முடுக்கத்தில் (புவியீர்ப்பின் 1.2 மடங்கு) வளையும்போது உள் சக்கரங்களிலிருந்து வெளிச் சக்கரங்களுக்குப் பெயரும் எடை 600 × 1.2 × 0.30 ÷ 1.4, அதாவது சுமார் 154 கிலோ. இந்த 154 கிலோவை எந்த ஸ்பிரிங்கும் எந்த ஆன்டி-ரோல் பாரும் குறைக்க முடியாது. காரின் எடையைக் குறைத்தாலோ, காரைத் தாழ்த்தினாலோ, அகலமாக்கினாலோ மட்டுமே அது குறையும். பார் மென்மையானால் எடைப் பெயர்வு குறையும் என்று பிட்டில் (தளத்தின் ஓரத்தில் கார்களைச் சரிசெய்யும் இடத்தில்) பலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மாறுவது காரின் சாய்வு; அதுவும் குறையாது, கூடும். மொத்தப் பெயர்வு அப்படியேதான் இருக்கும்.

பார் செய்வது பங்கீடு. அந்த 154 கிலோவில் பின் அச்சு எவ்வளவு சுமக்கும், முன் அச்சு எவ்வளவு சுமக்கும் என்பதை, முன்னும் பின்னும் உள்ள சாய்வு எதிர்ப்பின் விகிதம் தீர்மானிக்கிறது. கார் நிற்கும்போது பின்னால் சக்கரத்துக்கு 180 கிலோ. 180 கிலோவில் டயரின் பிடிப்புக் கெழு (பிடிப்பை எடையால் வகுத்த எண்) 1.40 என்றும், ஒவ்வொரு 10 கிலோவுக்கும் அது 0.01 குறைகிறது என்றும் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டால், பின் அச்சு 60 கிலோ பெயர்வைச் சுமக்கும்போது வெளிச் சக்கரம் 240 கிலோவில் 321.6, உள் சக்கரம் 120 கிலோவில் 175.2, ஆகமொத்தம் சுமார் 497 கிலோ பிடிப்பு கிடைக்கும். அதே அச்சு 90 கிலோ பெயர்வைச் சுமந்தால் மொத்தம் 488 கிலோவாகக் குறைந்துவிடும். ஒன்பது கிலோ அற்பமாகத் தெரியலாம். ஆனால் பின்னால் 90 என்றால் முன்னால் 64, பின்னால் 60 என்றால் முன்னால் 94. ஒரு பக்கம் இழப்பதை மறுபக்கம் பெறுகிறது என்பதால், காரின் சமநிலை மாற்றம் ஓட்டுநரின் கைக்கு உடனே தெரிந்துவிடும்.

பின் பாரை மென்மையாக்கியபோது உங்கள் காரில் நடந்ததும் இதுதான். பின் டயர்கள் கூடுதல் பிடிப்பைப் பெற்றன. உள் பின் சக்கரத்தின் மேல் எடை மிஞ்சியதால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது அது வெறுமனே சுழலாமல் தள்ளியது. முதல் சுற்றுகளில் தெரிந்த முன்னேற்றம் உண்மையானது. ஆனால் அதற்கான விலையை முன் டயர்கள் கொடுத்தன. முன்பக்கம் திரும்ப மறுக்கும்போது எந்த ஓட்டுநரும் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்புவார். கார் அகலமாக ஓடி, வேகம் குறைந்து, ஒரு கட்டத்தில் முன் டயர்கள் மீண்டும் பிடிக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங் தேவைக்கு மிக அதிகமாகத் திரும்பியிருக்கிறது; வளைவு முடியப்போகிறது என்பதால் வலது காலும் இறங்கிக்கொண்டிருக்கிறது. மூக்கு சட்டென்று உள்ளே வெட்டுகிறது, வால் வெளியே போகிறது. பிட்டுக்கு வந்த ஓட்டுநர் நேர்மையாகவே ஓவர்ஸ்டியர் (பின்பக்கம் நழுவுவது) என்று சொல்வார், ஏனெனில் அவர் கடைசியாக உணர்ந்தது அதுதான். தொடங்கியது அண்டர்ஸ்டியரில், அதாவது முன்பக்கம் திரும்ப மறுத்ததில்.

இந்த இரண்டையும் பிரித்தறிய விலையுயர்ந்த டேட்டா லாகர் தேவையில்லை. ஸ்டியரிங் வீலின் உச்சியில் வெள்ளை டேப் ஒன்றை ஒட்டி, ஓட்டுநரின் தலைக்குப் பின்னுள்ள பாதுகாப்பு வளையமான ரோல் பாரில் ஒரு சிறிய கேமராவைக் கட்டிவிடுங்கள். வால் நழுவுவதற்கு ஒரு நொடி முன்பு அந்த வெள்ளைக் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே வளைவில் கார் ஒழுங்காகப் போன சுற்றைவிட அது வெகுவாகத் திரும்பியிருந்தால் நோய் முன்பக்கத்தில்; முன் பாரை ஒரு துளை மென்மையாக்குங்கள், பின் பாரைத் தொடாதீர்கள். ஸ்டியரிங் அதிகம் திரும்பாமலே, ஆக்ஸிலரேட்டர் இறங்கிய கணத்தில் வால் போகிறது என்றால், அது உண்மையான பின்பக்க நோய். ஆக்ஸிலரேட்டரைத் தொடுவதற்கு முன்பே, பிரேக்கை விட்டுத் திருப்பும்போதே வால் இளகுகிறது என்றால் அது மூன்றாவது வகை. அதற்கு மருந்து வேறு.

இப்போது பின்பக்கத்துச் சரிசெய்தல்களை எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்டி-ரோல் பார் கார் சாய்ந்து நிற்கும் நேரம் முழுவதும் வேலை செய்யும். ஆகவே வளைவின் நடுப்பகுதியில் அதன் குரலே ஓங்கி ஒலிக்கும். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அதற்கு வேலை இல்லை, ஆனால் ஒரு சக்கரம் மட்டும் கெர்பில் (தளத்தின் ஓர விளிம்பில்) ஏறும்போது அந்த உதையை மறு சக்கரத்துக்கும் கடத்தும். கெர்பை வெட்டி ஓட்டும் வளைவில் மட்டும் கார் துள்ளுகிறது என்றால் பாரைச் சந்தேகிக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. 16 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 18 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்கையும் தாண்டி 1.6 மடங்காகிறது. துளை மாற்றுவதும் சீரான படி அல்ல. பாரின் கை நீளம் குறையக் குறைய, ஒவ்வொரு துளையும் முந்தைய துளையைவிடப் பெரிய மாற்றத்தைத் தரும். உங்கள் பாரின் ஒவ்வொரு துளைக்கும் விறைப்பைக் கணக்கிட்டு ஒரு அட்டையில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

ஸ்பிரிங்கும் பங்கீட்டை மாற்றும், கூடவே வேறு சிலவற்றையும் மாற்றும் என்பதுதான் வித்தியாசம். பின் ஸ்பிரிங் மென்மையானால் ஆக்ஸிலரேட்டரில் கார் அதிகம் குந்தும், கேம்பர் (முன்னிருந்தோ பின்னிருந்தோ பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) மாறும், மேடுபள்ளத்தில் டயர் தரையோடு ஒட்டி ஓடும். முக்கியமானது, ஸ்பிரிங்கின் எண்ணும் சக்கரம் உணரும் எண்ணும் ஒன்றல்ல என்பது. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர் அமுங்கினால் மோஷன் ரேஷியோ 0.7, சக்கரம் உணரும் விறைப்பு அதன் இருபடி, அதாவது 0.49 மடங்கு. மில்லிமீட்டருக்கு 80 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 39 நியூட்டனாகத்தான் தெரியும். சஸ்பென்ஷனின் மேல் ஒரு மூலையில் 160 கிலோ இருந்தால் அது நொடிக்கு ஏறக்குறைய 2.5 அதிர்வு. இறக்கை இல்லாத ரேஸ் காருக்கு இது விறைப்பான எல்லைக்கு அருகில் இருக்கிறது. உங்கள் பின்பக்கம் இதைவிட விறைப்பாக இருந்தால், பாரைத் தொடுவதற்கு முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஸ்பிரிங்கின் மேல் அச்சிட்ட எண்ணையும் நம்பிவிட வேண்டாம். ஒரே எண் அச்சிட்ட இரண்டு ஸ்பிரிங்குகளை அம்பத்தூரில் ஒரு பட்டறையில் அமுக்கிப் பார்த்தபோது, ஒன்று மற்றதைவிடப் பத்தில் ஒரு பங்கு மென்மையாக இருந்தது. அந்தக் காரின் இடது வளைவுக்கும் வலது வளைவுக்கும் இருந்த வேறுபாட்டை மூன்று வாரமாக நாங்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ரோல் சென்டர், அதாவது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது. எடைப் பெயர்வில் ஒரு பகுதி ஸ்பிரிங், பார் வழியாகப் போகாமல், சஸ்பென்ஷன் கைகள் வழியாக நேரடியாகவே டயருக்குப் போய்விடும். ரோல் சென்டர் உயர உயர அந்தப் பங்கு கூடும், அதுவும் கார் சாய்வதற்குக் காத்திராமல் உடனே நடக்கும். பின்னால் இதை உயர்த்தினால் திருப்பியதுமே கார் சுறுசுறுப்பாகத் திரும்பும், ஆனால் வால் முன்னறிவிப்பு இல்லாமல் போகும். இதன் கடைக்கோடி உதாரணம் நம் ஊரிலேயே தயாரானது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் செய்த ஹெரால்டு காரின் பின் சக்கரங்கள் டிஃபரன்ஷியலின் பக்கத்தில் மட்டும் மடங்கும் ஸ்விங் ஆக்சில் முறையில் தொங்கின. அதில் ரோல் சென்டர் மிக உயரம். வளைவில் வேகத்தை எதிர்பாராமல் குறைத்தால் பின்பக்கம் தானே தூக்கிக்கொள்ளும், வெளிச் சக்கரம் உள்நோக்கி மடிந்து பிடிப்பை விட்டுவிடும். 1972-இல் வந்த கெஸல் காரில் அதை விட்டுவிட்டு ஒற்றை விறைப்பு ஆக்சிலுக்கு மாறினார்கள். இங்கிலாந்தில் டிரையம்ஃப் நிறுவனம் அதே அமைப்பை வைத்துக்கொண்டே 1970-இன் ஸ்பிட்ஃபயர் காரின் நான்காம் மாதிரியில், குறுக்குத் தகட்டு ஸ்பிரிங்கின் பெரும்பாலான தகடுகள் நடுவில் சுழலும்படி செய்து பின்பக்கத்தின் சாய்வு எதிர்ப்பை வெகுவாகக் குறைத்தது. ஈடாக முன் ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கியது. பின் டயர்களுக்குப் பெயர்வில் சிறு பங்கு, முன் டயர்களுக்குப் பெரும் பங்கு. நீங்கள் துளை மாற்றிச் செய்ததும் இதே காரியம்தான். ஹெரால்டின் பிறவிக் குறைக்கு அது பொருந்தியது, உங்கள் காருக்குப் பொருந்தவில்லை.

டேம்பர்கள், அதாவது ஷாக் அப்சார்பர்கள் பற்றித்தான் அதிகக் குழப்பம் நிலவுகிறது. டேம்பர் நகரும்போது மட்டுமே விசை தரும். கார் ஒரு சாய்வில் நிலைத்துவிட்ட நடுவளைவில், தளம் சமமாக இருந்தால், அது ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை. ஆகவே நடுவளைவில் மட்டும் உள்ள குறையை டேம்பர் கிளிக்கால் (அதன் திருகியின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்) தீர்க்க முயல்வது வீண். நுழைவும் வெளியேற்றமும்தான் அதன் களம். பிரேக் பிடிக்கும்போது, அச்சுகளுக்கு இடையே 2.4 மீட்டர் உள்ள நமது உதாரணக் காரில், 1.2 ஜி பிரேக்கிங்குக்கு 90 கிலோ முன்னால் பெயர்ந்து பின் அச்சில் 270 கிலோதான் மிஞ்சும். பின்பக்கம் எழும்பும் அந்த நேரத்தில் பின் டேம்பரின் ரீபவுண்ட் (அது நீளும்போது தரும் எதிர்ப்பு) மிக இறுக்கமாக இருந்தால், டயரின் மேலிருக்கும் எடை இன்னும் வேகமாக வடிந்துவிடும். உள் பின் சக்கரம் தரையைத் தொடர்ந்து செல்ல முடியாமல் காற்றில் மிதக்கும். நான் மேலே சொன்ன மூன்றாவது வகை நோய்க்கு, பிரேக் பயாஸை, அதாவது முன் பின் பிரேக்குகளின் விசைப் பங்கீட்டைச் சரிபார்த்த பிறகு, பின் ரீபவுண்டை இரண்டு கிளிக் தளர்த்துவதே நான் முதலில் செய்வது. வெளியேறும்போது இதன் எதிர்ப்பக்கம்: ஆக்ஸிலரேட்டரில் பின்பக்கம் குந்தும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது பம்ப், அதாவது டேம்பர் அமுங்கும்போது தரும் எதிர்ப்பு. அது இறுக்கமாக இருந்தால் எடை டயருக்குச் சட்டென்று போய்ச்சேரும், தளம் சற்றே கரடுமுரடாக இருந்தாலும் டயர் அதிர்ந்து பிடிப்பை இழக்கும். தளர்வாக இருந்தால் டயர் நிதானமாகச் சுமையை ஏற்கும், ஆனால் அடுத்தடுத்து வரும் இரண்டு வளைவுகளுக்கு இடையே கார் நிலைகொள்ள நேரம் எடுக்கும். எந்தக் கிளிக்கையும் முழுதாக இறுக்கிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குறித்துக்கொள்ள வேண்டும். தளர்ந்த முனையிலிருந்து எண்ணினால் இரண்டு டேம்பர்கள் ஒத்துப்போகாது.

பின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் பின் சக்கரங்கள் உள்நோக்கியோ (டோ-இன்) வெளிநோக்கியோ (டோ-அவுட்) திரும்பியிருக்கும் அளவு, சிறிய எண்ணில் பெரிய விளைவு தரும் ஒன்று. டோ-இன் கொடுத்தால், வளைவில் சுமையேறிய வெளிப் பின் டயர் ஏற்கெனவே உள்நோக்கிக் கொஞ்சம் திரும்பியிருப்பதால், வால் நழுவத் தொடங்குவதற்கு முன்பே அது எதிர்விசையைத் தருகிறது. பிரேக்கிலும் ஆக்ஸிலரேட்டரிலும் கார் நிதானமாகும். 13 அங்குல ரிம்மில் 1 மில்லிமீட்டர் என்பது 0.17 பாகை; பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மாற்றத்தையே பழகிய ஓட்டுநர் உணர்ந்துவிடுவார். அளவு மீறினால் நேர்ச்சாலையில் வேகம் குறையும், டயர் வீணாகச் சூடேறும். பின் டோ-அவுட்டை நான் வேண்டுமென்றே ஒருபோதும் வைத்ததில்லை. ஆனால் வேண்டாமலே அது வந்துசேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: ராட் எண்ட் (சஸ்பென்ஷன் கையின் முனையிலுள்ள உருண்டை மூட்டு) தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால், நிற்கும்போது அளந்த டோ-இன் சுமையேறியதும் டோ-அவுட்டாக மாறிவிடும். எந்த சரிசெய்தலுக்கும் முன்பு காரைத் தூக்கி, பின் சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அன்றைய செட்டப் வேலை எல்லாம் வீண்.

கேம்பர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டயரின் உள், நடு, வெளி மூன்று இடங்களில் வெப்பத்தை அளந்தால் அதுவே சொல்லிவிடும். பின்னால் இன்ஜினின் தள்ளுவிசை முழுவதும் அந்த இரண்டு டயர்கள் வழியே போவதால், வளைவுக்காக நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வதை) மிகுதியாக்கினால் நேராகத் தள்ளும் பிடிப்பு குறையும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பின்பக்க உயரத்தைக் கூட்டினால் புவியீர்ப்பு மையமும் ரோல் சென்டரும் உயர்ந்து வால் இலேசாகும். இறக்கை உள்ள காரில் காற்றின் அழுத்தம் முன்னால் நகர்வதால் இந்த விளைவு பன்மடங்காகும். உயரம் மாற்றிய ஒவ்வொரு முறையும் நான்கு தராசுகளில் காரை நிறுத்தி மூலை எடைகளைப் பாருங்கள். பட்டறைத் தரை சமமாக இருக்கிறதா என்று தண்ணீர்க் குழாயாலாவது பார்த்துவிட்டு, தாழ்ந்த தராசின் கீழே தகடு வையுங்கள். பின் பாரின் இணைப்புக் கம்பிகளை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது, கார் சக்கரங்களில் நிற்கும்போதுதான் பூட்ட வேண்டும். ஜாக்கில் தூக்கிவைத்து அவசரமாகப் பூட்டிய ஒரு காரில், நேராக நிற்கும்போதே பார் முறுக்கேறி, இடப்பக்கம் திரும்பினால் அண்டர்ஸ்டியரும் வலப்பக்கம் திரும்பினால் ஓவர்ஸ்டியருமாக ஒரு பயிற்சி நாள் முழுவதும் எங்களை அலைக்கழித்தது.

டயர் காற்றழுத்தத்தைச் சொல்லாமல் இருங்காட்டுக்கோட்டையைப் பற்றிப் பேச முடியாது. காலை 30 பாகை வெப்பத்தில் 18 பிஎஸ்ஐ நிரப்பிய டயரின் உள்காற்று 70 பாகையை எட்டினால் அழுத்தம் 22-ஐத் தாண்டிவிடும். பின் டயர்கள் முன் டயர்களைவிட அதிகம் சூடேறும் காரில், சில சுற்றுகளுக்குப் பிறகு வால் அடிக்கத் தொடங்குவது சஸ்பென்ஷனால் அல்லாமல் அழுத்தத்தாலும் இருக்கலாம். உங்கள் கதையில் முதல் சில சுற்றுகள் நன்றாக இருந்து பிறகு கெட்டது என்பதால், இதைக் கட்டாயம் பாருங்கள். கார் பிட்டுக்குள் நுழைந்ததும் சூடான அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். காலைக் குளிர்ந்த அழுத்தத்தை வைத்து மதிய ஓட்டத்தை ஒப்பிடாதீர்கள்.

ஆகவே அடுத்த பயிற்சி நாளில் பார் பழைய துளையில் இருக்கட்டும். ராட் எண்ட், டோ, மூலை எடை, சூடான அழுத்தம் இவற்றைச் சரிபார்த்துவிட்டு, டேப்பும் கேமராவுமாக ஆறு சுற்றுகள் ஓட்டுங்கள். வெள்ளைக் கோடு மிகுதியாகத் திரும்பியிருந்தால் முன் பாரை ஒரு துளை மென்மையாக்குங்கள். அப்படி இல்லையென்றால் பின் பம்பை இரண்டு கிளிக் தளர்த்துங்கள். போதவில்லை என்றால் பின் டோ-இன்னைப் பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் கூட்டுங்கள். அதற்கும் பிறகுதான் பின் பாரை ஒரே ஒரு துளை மென்மையாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்பி ஓட்டிப் பாருங்கள், ஏனெனில் காலைக்கும் மதியத்துக்கும் இடையே தளமே மாறியிருக்கும்.

பயிற்சி நாள் ஐப்பசி, கார்த்திகையில் வந்து மழை பிடித்துக்கொண்டால் மட்டும் இந்த வரிசையை விட்டுவிடலாம். ஈரத்தில் பக்கவாட்டு விசையே குறைவதால் பெயரும் எடையும் குறையும், கார் அதிகம் சாயாது, விறைப்பால் எந்தப் பயனும் இல்லை. பின் பாரின் ஒரு பக்க இணைப்புக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய முனை டிரைவ் ஷாஃப்டில் உரசாதபடி கட்டிவைத்து, டேம்பர்களை இரு பக்கமும் சில கிளிக் தளர்த்தி அனுப்புங்கள்.